சி.ஏ. பாஸ் பண்ண என்ன வேண்டும்? தொண்டி முதல் சாயல்குடி வரை கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து ஜூலை முடியும் வரை, ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வருகிறவர்களோடு இன்னொரு கூட்டமும் வரும். "பிள்ளையை சி.ஏ. சேர்க்கலாமா?" என்று கேட்க வருகிற அப்பாக்கள், மாமாக்கள், பின்னால் கூச்சத்தோடு நிற்கிற பிள்ளைகள். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். நேரில் சொல்கிற பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். சி.ஏ. என்பது பட்டயக் கணக்காளர், அதாவது ஆடிட்டர் ஆவதற்கான படிப்பு. விதிமுறைகள் அதை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. எனப்படும் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய பாடத்திட்டப்படி. கட்டணமும் தேதியும் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் நிறுவனத்தின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஏ. முடிக்க மொத்தம் எத்தனை வருஷம்?

மூன்று படி: ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல். ஃபவுண்டேஷனில் 4 தாள்கள். இன்டரில் 6, ஃபைனலில் 6, இரண்டிலும் மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஃபவுண்டேஷன் எழுதப் பதிவு செய்து 4 மாதம் ஆகியிருக்க வேண்டும், இன்டருக்கு 8 மாதம். இன்டரில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு 2 வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சி வேலை. அது முடிந்து 6 மாதம் கழித்து ஃபைனல். எல்லாம் முதல் தடவையிலேயே வந்தால் நாலு வருஷத்துக்குள் ஆடிட்டராகக் கையெழுத்துப் போடலாம். பெரும்பாலானோருக்கு அப்படி வருவதில்லை. ஐந்து, ஆறு வருஷம் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குவதுதான் நியாயமான கணக்கு.

பிளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்தவர் சேரலாமா?

சேரலாம். முதல் இரண்டு மாதம் ஜர்னல், லெட்ஜர் புரியாமல் திண்டாட்டம் இருக்கும், பிறகு சரியாகிவிடும். காமர்ஸ் பிள்ளைகள் பயப்படுகிற புள்ளியியலும் கணிதமும் இவர்களுக்குச் சுலபம். பி.காம். முடித்தவர்கள் 55 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷனே எழுதாமல் நேராக இன்டருக்குப் போகலாம். வேறு பட்டம் என்றால் 60 சதவீதம்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். தேர்வைத் தமிழில் எழுத முடியுமா?

முடியாது. ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டே வழி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள். அவசரப்படாதீர்கள். இந்தத் தேர்வுக்கு வேண்டியது மேடையில் பேசுகிற ஆங்கிலம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம், சரியான சட்டச் சொல், இவ்வளவுதான்.

பிசினஸ் லா தாளில் வருகிற மாதிரி ஒரு கேள்வி. தங்கச்சிமடத்தில் 17 வயதுப் பையன் தன் வயது 19 என்று பொய் சொல்லி, பைக் வாங்க ஒருவரிடம் 60,000 ரூபாய் கடன் வாங்கிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். திருப்பித் தரவில்லை. அந்தப் பத்திரத்தை வைத்துக் கடன் கொடுத்தவர் பணத்தை வசூலிக்க முடியுமா?

"முடியாது, அவன் மைனர்" என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்கு மார்க் மிகக் கொஞ்சம். விடைத்தாளில் மூன்று பத்தி வேண்டும். முதலில் சட்டம்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி மேஜர் ஆனவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் பிறகு "நான் மைனர்" என்று வாதிட அவனுக்குத் தடை இல்லை. மோகிரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மைனர் ஒப்பந்தம் செல்லாது என்று சொன்னதையும் சேர்க்கலாம். இரண்டாவது, இந்தக் கதையை அந்தச் சட்டத்தோடு பொருத்துவது: கையெழுத்துப் போட்டபோது வயது 17, ஆகவே ஒப்பந்தமே இல்லை. மூன்றாவது, முடிவு ஒரே வரியில். இதை ஆங்கிலத்தில் எழுத ஏழெட்டு வாக்கியம் போதும். ஒரு வாக்கியத்திலும் கஷ்டமான இலக்கணம் கிடையாது.

ஆகவே தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்டடி மெட்டீரியலில் உள்ள சட்டப் பத்தியைச் சத்தம் போட்டு வாசியுங்கள், மூடி வையுங்கள், அதே விஷயத்தை உங்கள் ஆங்கிலத்தில் நோட்டில் எழுதுங்கள். தினம் இரண்டு கேள்வி. ஆறு மாதத்தில் கை தானாக எழுதும். பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்வதில் தப்பே இல்லை. தேர்வறையில் மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் நேரம் போய்விடும்.

பாஸ் மார்க் எவ்வளவு? ஒரு பேப்பர் போனால் எல்லாம் போச்சா?

ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம். மூன்று தாளிலும் 45, 45, 45 வாங்கினால் மொத்தம் 135. குரூப்புக்கு வேண்டியது 150, ஆகவே ஃபெயில். இது பலருக்குத் தெரிவதில்லை. "எல்லாத்துலயும் பாஸ் மார்க் வந்துருக்கே அண்ணே" என்று மார்க் ஷீட்டை நீட்டுவார்கள்.

மறுபக்கம் ஒரு சலுகை உண்டு. ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்து குரூப்பில் தவறியிருந்தால், அந்த மார்க் அடுத்த மூன்று தேர்வுத் தவணைக்கு அப்படியே நிற்கும். அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டாம். 71, 68, 39 என்று வந்தவர் அழுதுகொண்டு வருவார். ஒரு மார்க்கில் போய்விட்டது உண்மைதான். ஆனால் அடுத்த தடவை அவர் ஒரே ஒரு தாள் எழுதி 40 வாங்கினால் குரூப் முடிந்தது. இந்தச் சலுகை கிடைக்க குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருக்க வேண்டும். முதல் தாள் கெட்டுவிட்டது என்று கோபித்துக்கொண்டு, தேர்வு எழுதப் போன மதுரையிலிருந்து பஸ் ஏறிவிடுகிறவர்கள் இதைத்தான் தொலைக்கிறார்கள்.

ஃபவுண்டேஷனில் கொள்குறி வகைத் தாளில் தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

மூன்றாவது, நாலாவது தாள்கள் கொள்குறி வகை. தவறான விடைக்குக் கால் மார்க் குறையும். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாக லாபமும் பெரிதாக இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றை எழுதிவிடுங்கள், அங்கே கணக்கு உங்கள் பக்கம். நிகழ்தகவு பாடம் அதே தாளில்தான் இருக்கிறது.

மதுரை, சென்னை போய் கோச்சிங் சேர்ந்தால்தான் வருமா?

இல்லை. ஸ்டடி மெட்டீரியல், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாதிரித் தேர்வுத் தாள், பழைய கேள்விகளுக்கு நிறுவனமே எழுதிய விடைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். நிறுவனமே நேரலை வகுப்பும் இலவசமாக நடத்துகிறது. நல்ல சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ராமேஸ்வரம் தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் இரவில் டவுன்லோடு போட்டுவிட்டுப் பகலில் பார்க்கிறார்கள்.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய வீடியோவாக இருந்தாலும் இலவச வீடியோவாக இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. 150 மணி நேர வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்துவிட்டு "சிலபஸ் முடிஞ்சது" என்பார்கள். ஆசிரியர் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறார்கள். தாங்கள் போடவில்லை. ஒரு மணி நேர வகுப்புக்கு ஒன்றரை மணி நேரமாவது பேனாவும் கையுமாக உட்காரவில்லை என்றால் அந்த வகுப்புப் பார்க்காததற்குச் சமம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

யூடியூபில் 14 மணி நேரம் என்பார்கள். நம்பாதீர்கள். காலேஜுக்கும் போகிறவர் என்றால் நாலு மணி நேரம், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் எட்டு, ஒன்பது. விட்டு விட்டுப் படிக்காமல் இருப்பதுதான் முக்கியம். ஊர்த் திருவிழா, கல்யாணம், சந்தனக்கூடு என்று வாரக்கணக்கில் விட்டால் காஸ்ட்டிங் (அடக்கவிலைக் கணக்கு) சூத்திரம் ஒன்றும் தலையில் நிற்காது.

கணக்கு நல்லா வருது. ஆனா பரீட்சையில மார்க் வரமாட்டேங்குது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எழுத்துத் தாள்களில் 100 மார்க்குக்கு 180 நிமிஷம். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிஷம். 14 மார்க் கேள்வி என்றால் 25 நிமிஷம். 26-ஆவது நிமிஷத்தில் அடுத்த கேள்விக்குப் போயாக வேண்டும். வீட்டில் போடும்போது அதே கணக்குக்கு 45 நிமிஷம் எடுத்திருப்பீர்கள், நடுவில் விடையை ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பீர்கள். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை, இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்று 20 நிமிஷம் தேடிவிட்டு, கடைசியில் 12 மார்க் கேள்வியைத் தொடாமலே பேப்பரைக் கொடுக்கிறவர்கள்தான் 38, 39-ல் நிற்கிறார்கள். டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட்டுக்கும் மார்க் உண்டு. ஒர்க்கிங் நோட் (விடைக்கு வந்த கணக்கு வழி) தெளிவாக, எண் போட்டு, எதற்கான கணக்கு என்று தலைப்பு வைத்து எழுதியிருந்தால் கடைசி விடை தப்பினாலும் படிப்படியாக மார்க் விழும். எழுதாத கேள்விக்குத்தான் ஒன்றும் விழாது.

இன்டரிலும் ஃபைனலிலும் 30 மார்க் கொள்குறி, 70 மார்க் எழுத்து. கொள்குறிப் பகுதியிலும் சின்னக் கதை கொடுத்துத்தான் கேட்பார்கள். வாசிக்கவே நேரம் பிடிக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: மூன்று மணி நேரத் தேர்வை வீட்டில் முழுதாக எழுதிப் பார்ப்பது. ஒரு தாளுக்குக் குறைந்தது மூன்று தடவை. அதுவும் மதியம் இரண்டு மணிக்கு. அசல் தேர்வு பெரும்பாலும் 2 முதல் 5 வரைதான். நம் ஊர் மே மாத வெயிலில் சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் கண் சொருகும். காலையில் குளிர்ச்சியாக மாதிரித் தேர்வு எழுதிப் பழகியவருக்குத் தேர்வறையில் உடம்பு ஒத்துழைக்காது. எழுதி முடித்ததும் நீங்களே திருத்தாதீர்கள். ஒரே வகுப்பு நண்பரிடம் கொடுத்து, நிறுவனத்தின் விடையை வைத்துக்கொண்டு இரக்கமில்லாமல் திருத்தச் சொல்லுங்கள்.

தேர்வில் தவறியவர்கள் கட்டணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கலாம். வாங்கிப் பாருங்கள். மார்க் எங்கே போனது என்று அதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார்.

அப்பா மீன் வியாபாரம். வீட்டுக் கணக்கு நோட்டு நான்தான் எழுதுறேன். அது உதவுமா?

ரொம்ப உதவும், சரியாகப் பார்த்தால். ஃபவுண்டேஷனில் முழுமையற்ற பதிவேடுகளிலிருந்து கணக்குத் தயாரிப்பது என்று ஒரு பாடம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் திணறுகிற இடம். உங்கள் வீட்டு நோட்டே அதுதான். வருஷ ஆரம்பத்தில் வெளியே நின்ற பாக்கி 40,000. வருஷத்தில் பாக்கியில் வசூலானது 2,10,000. வருஷ முடிவில் நிற்கிற பாக்கி 55,000. கடனுக்கு விற்றது எவ்வளவு? நோட்டில் எங்கும் எழுதியிருக்காது. வசூலோடு கடைசிப் பாக்கியைக் கூட்டி ஆரம்பப் பாக்கியைக் கழித்தால் 2,25,000. பாடப் புத்தகம் இதையே கடனாளிகள் கணக்கு என்று கட்டம் போட்டுச் சொல்கிறது.

வியாபாரி படகுக்காரருக்குக் கொடுக்கிற முன்பணமும் அப்படித்தான். ஒரு லட்சம் கொடுத்து, பாடு (பிடித்த மீன்) வரும்போதெல்லாம் 5,000 கழித்துக்கொண்டால், 12 தடவை கழித்த பிறகு 40,000 இன்னும் வரவேண்டியது. அது வியாபாரியின் சொத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரு லட்சத்தையும் மீன் வாங்கின செலவு என்று எழுதிவிட்டால் அந்த வருஷ லாபமே பொய். கடற்கரையில் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அட்வான்ஸ், செலவு வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோச்சிங் ஆசிரியர் காட்டுகிற பெங்களூர் கம்பெனி உதாரணம் ஏறவில்லை என்றால் உங்கள் துறைமுகத்தை வைத்து யோசித்துப் பாருங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

பதிவுக் கட்டணம் ஏறத்தாழ ஃபவுண்டேஷனுக்கு 9,000, இன்டர் இரண்டு குரூப்புக்கு 18,000, ஃபைனலுக்கு 22,000. தேர்வுக் கட்டணம், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு முன் கட்டாயப் பயிற்சி வகுப்பு இரண்டும் தனி. இன்ஜினியரிங்கோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல். செப்டம்பரில் ஃபவுண்டேஷன் எழுத மே 1-க்குள் பதிந்திருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு வீடுகளில் கையில் காசு இல்லாத நேரத்தில்தான் கெடு வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்ததுமே தற்காலிகமாகப் பதியலாம். ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே, பாடு நன்றாக இருக்கிற மாதத்தில் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். நிறுவனம் மதிப்பெண் அடிப்படையிலும் குடும்ப வருமானத்தின் அடிப்படையிலும் உதவித்தொகை தருகிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை.

இன்டரில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா?

தயார் என்றால் சேர்த்தே எழுதுங்கள். ஒரு குரூப்பில் 165, இன்னொன்றில் 138 என்று வந்தாலும் எல்லாத் தாளிலும் 40 தாண்டியிருந்தால், மொத்தம் 300-ஐத் தொட்டதால் இரண்டும் பாஸ். தனித்தனியாக எழுதினால் அந்த 138 ஃபெயில். பாதித் தயாரிப்போடு இரண்டையும் எழுதுவது மட்டும் வேண்டாம்.

ஆர்ட்டிகிள்ஷிப்பை ராம்நாட்டிலேயே செய்யலாமா? சென்னை பெரிய ஆபீஸ்தான் நல்லதா?

சென்னையில் பெரிய கம்பெனி ஆடிட் பார்ப்பீர்கள், ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு மூலை வேலைதான் கிடைக்கும். இரண்டு வருஷம் வவுச்சர் மட்டும் பார்த்தவர்களும் உண்டு. சின்ன ஊர் ஆபீஸில் ஒரே ஆள் கணக்கெழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து, வருமான வரி நோட்டீஸுக்குப் பதிலும் தயாரிப்பார். கமுதி வத்தல் கமிஷன் கடை, கீழக்கரை ஏற்றுமதி, மண்டபத்து ஐஸ் பிளான்ட், நகைக்கடை எல்லாம் ஒரே மாதத்தில் மேசைக்கு வரும். ஐஸ் போட்ட பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதையே உறையவைத்து, பாக்கெட்டில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம், ஏற்றுமதி செய்தால் வரி பூஜ்யம், கட்டிய வரியைத் திரும்பவும் கேட்கலாம். இந்த மூன்றையும் ஒரே வாடிக்கையாளரின் பில்லில் பார்த்தவர் மறைமுக வரித் தாளுக்குப் பயப்படமாட்டார்.

ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலத்தில் தரும் மாதப் பணம்) குறைவு. குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது, நம் ஊர் கடைசிப் படியில். வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கில் சேர்த்தால் சென்னை ஹாஸ்டல் பிள்ளையைவிட மிச்சம்தான். லிஸ்டட் (பங்குச் சந்தையில் உள்ள) கம்பெனியில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் மட்டும் பெரிய ஊரைப் பாருங்கள்.

மகளைச் சேர்க்கணும். ஊரை விட்டு எத்தனை நாள் வெளியே இருக்கணும்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து உம்மாக்கள் தவறாமல் கேட்பது. படிப்பு வீட்டிலிருந்தே. ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு முன் இரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் 15 நாள். மதுரைக் கிளையிலோ தூத்துக்குடிக் கிளையிலோ செய்யலாம். ஃபைனலுக்கு முன் அதேபோல் இன்னும் இரண்டு பயிற்சி. பிறகு தேர்வு நாள்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேர்வு வரும்; ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வராமல் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

அண்ணனோட பழைய புத்தகம் இருக்கு. போதுமா?

அக்கவுண்ட்ஸ், காஸ்ட்டிங் கணக்குகளுக்கு ஓரளவு போதும். வரிக்குத் தொடவே தொடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. பிரிவு எண்களே மாறிவிட்டன. எந்தத் தவணைக்கு எந்தச் சட்டம் என்று நிறுவனம் அறிவிக்கும், அதைப் பார்த்துப் புத்தகம் வாங்குங்கள்.

கால்குலேட்டர் கொண்டுபோகலாமா?

போகலாம். 12 இலக்கம் வரை, சாதாரண வகை மட்டும், சயின்டிஃபிக் கூடாது. ஆறு மாதம் ஒரே கால்குலேட்டரில் பழகுங்கள். கூட்டு வட்டிக்கு 1.08-ஐ ஐந்து தடவை பெருக்கத் தேவையில்லை: சிட்டிசன் வகையில் 1.08, பெருக்கல் குறி, பிறகு சமக்குறியை நாலு தடவை அழுத்தினால் ஐந்தாவது அடுக்கு வந்துவிடும். கேசியோவில் பெருக்கல் குறியை இரண்டு தடவை அழுத்த வேண்டும். எம் ப்ளஸ் (நினைவில் கூட்டி வைப்பது), ஜி.டி. (மொத்தக் கூட்டல்) பட்டன்களைப் பயன்படுத்தத் தெரியாதவர் ஒவ்வொரு தாளிலும் பத்து நிமிஷம் இழக்கிறார்.

பல தடவை எழுதியும் வரவில்லை. விட்டுவிடலாமா?

முதலில் விடைத்தாள் நகலைப் பாருங்கள். 35-க்கு மேல் நிற்கிறது என்றால் குறை எழுத்திலும் நேரத்திலும் இருக்கிறது. முழு மாதிரித் தேர்வு எழுதாமலே அடுத்த தவணைக்குப் பணம் கட்டாதீர்கள். தொடர்ந்து 20, 25 என்றால் வேறு பாதையைப் பார்ப்பதில் அவமானம் எதுவும் இல்லை. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனத்தின் சி.எம்.ஏ. தேர்வு ஜூன், டிசம்பர் என இரண்டு தவணை நடக்கிறது. இன்டரில் படித்த காஸ்ட்டிங்கும் வரியும் அங்கேயும் கைகொடுக்கும். பி.காம். பட்டம் இருந்தால் மற்றவர்களுக்காக ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிந்து, நாசின் என்ற மத்திய வரித்துறைப் பயிற்சி நிறுவனம் நடத்துகிற தேர்வை எழுதலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்துவிட்டு சி.ஏ. எழுதுகிறவர்களிடம், பட்டத்தைப் பாதியில் விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். இன்டர் ஒரு குரூப் மட்டும் முடித்து, டேலி சாஃப்ட்வேரும் ஜி.எஸ்.டி. தாக்கலும் தெரிந்த ஆள் கிடைத்தால் பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் உள்ள ஆடிட்டர்கள் அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்வார்கள்.